பசையில் கலந்த தண்ணீர்

ஓவிய டீச்சர் ஸ்டூலிலிருந்து விழுந்ததற்குக் காரணம் ஓர் ஊதா நிற யானை. ஒன்றாம் வகுப்புப் பையன் வரைந்த அந்த யானைக்கு ஐந்து கால்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அவர்கள் வாயை அடைப்பதற்காகவே அதை எல்லாப் படங்களுக்கும் மேலே, கயிற்றின் உச்சியில் மாட்டப் போனாள் டீச்சர். ஸ்டூலின் ஒரு கால் ஆட்டம் கண்டிருப்பது தெரிந்தும் ஏறினாள். வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டோடு திரும்பி வந்தாள்.

"கட்டு பிரிக்கிற வரைக்கும் துணைக்கு யாரையாவது வெச்சுக்குங்க" என்றார் தலைமை ஆசிரியை. "நீங்க உக்காந்து சொல்லுங்க, அவங்க செய்யட்டும். தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தாள். கூடப் படித்த தோழி ஒருத்தி, அருமையாக வரைபவள், வேலை இல்லாமல் வீட்டில்தான் இருந்தாள். அவள் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. டீச்சர் விழுங்கிவிட்டாள். வரையத் தெரிந்தவளை வகுப்புக்குள் விட்டால், கட்டு பிரிந்த பிறகு யார் டீச்சர், யார் துணை என்ற கேள்வி வந்துவிடும்.

"என் தம்பி பெண்டாட்டி இருக்கா மேடம். பெருசா ஒண்ணும் தெரியாது. சொன்னதைச் செய்வா."

தம்பியும் அவன் மனைவியும் டீச்சர் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய கடையில் பரிசுப் பொருள்களுக்குக் காகிதம் சுற்றும் வேலை பார்த்தவள். டீச்சருக்கு அவள் மேல் சொல்லும்படியாக எந்தக் குறையும் இல்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததுதான் பெரிய குறை. சட்டைப் பொத்தான் பிய்ந்தால்கூட அக்காவிடம் ஓடி வந்த தம்பி, இப்போது மாடிப்படியில் இறங்கும்போது "வரேன்க்கா" என்று ஒரு குரல் கொடுப்பதோடு சரி. எதிர்வீட்டு நாய், டீச்சரைப் பார்த்து இத்தனை வருஷமாகக் குரைக்கும் நாய், அவள் கல்யாணமாகி வந்த வாரமே அவள் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எங்கே போனாலும் அவளுக்கு அப்படித்தான் நடக்கும்.

"அண்ணி, எனக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்கா வராதே" என்று பயந்தாள் அவள்.

"வரவே வேணாம். பிள்ளைங்க பேப்பர்ல நீ கோடு போடக் கூடாது. அதான் முதல் விதி."

டீச்சரின் வகுப்பு தரைத்தளத்தின் கடைசி அறை. இரண்டு குழாய்கள், குட்டை மேசைகள், அவற்றின் மேல் பழைய செய்தித்தாள்கள். அங்கே யாரும் யாரையும் பார்த்து வரைவதில்லை. களிமண்ணில் இலையை அழுத்துவார்கள். உருளைக்கிழங்கை வெட்டி அச்சுப் போடுவார்கள். நூலைச் சாயத்தில் முக்கி, மடித்த தாளுக்குள் வைத்து இழுப்பார்கள். எது வந்தாலும் "அட, இது எப்படி வந்துச்சு?" என்று டீச்சர் கேட்பாள். பிள்ளைகள் கையோடும் சட்டையோடும் சாயத்தைப் பூசிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வாசலில் நிற்கும் பெற்றோர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்ப்பார்கள். "நல்லாருக்கு மிஸ்... இது என்ன?" என்று கேட்பார்கள்.

முதல் சில நாள்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. டீச்சர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள், தம்பி மனைவி செய்தாள். பிள்ளைகள் ஒருத்தியை டிராயிங் மிஸ் என்றும் மற்றவளைப் புது மிஸ் என்றும் கூப்பிட்டார்கள்.

கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், வகுப்பைத் தம்பி மனைவியிடம் தனியாக விட்டுவிட்டுப் போனாள் டீச்சர். திரும்பி வரும்போது பள்ளி விடும் நேரம். வாசல் முழுக்க ஆந்தைகள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஓர் ஆந்தை. காகிதத் தட்டை மடித்துச் செய்த வயிறு, வெள்ளை வட்டக் கண், மஞ்சள் மூக்கு. கீழே தொங்கும் நூலை இழுத்தால் இரண்டு சிறகும் மேலே போய்க் கீழே வந்தன. எல்லாம் ஒரே அச்சு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

"மிஸ்! என் ஆந்தை பறக்குது பாருங்க!" என்று கத்தினாள் ஒரு சின்னப் பெண். பின்னல் காது வரைக்கும்தான் எட்டும், அதனால் வகுப்பில் அவளுக்குக் குட்டைப் பின்னல் என்றே பேர். இதுவரை எதையும் கத்திச் சொன்னதே இல்லை அவள். களிமண்ணைத் தொடவே அருவருப்புப்படுகிற பிள்ளை.

பெற்றோர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட "இது என்ன?" என்று கேட்கவில்லை.

தலைமை ஆசிரியை டீச்சரின் அருகில் வந்து நின்றார். "இவ்வளவு நாள்ல இப்போதான் பார்க்க லட்சணமா ஒண்ணு வெளியில போகுது" என்றார் சிரித்துக்கொண்டே. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். டீச்சருக்கு உள்ளே ஏதோ தீய்ந்தது போல இருந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது டீச்சர் வாயைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் நீயே வெட்டிக் குடுத்தியா?"

"ஆமா அண்ணி. அதுங்க ஒட்டிச்சுங்க, நூல் கோத்துச்சுங்க. ஏன், தப்பா?"

"தப்பு ஒண்ணுமில்ல. ஆனா அது கலை இல்ல. பொட்டலம் கட்டுற வேலை."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று உறைத்தது. தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "சரிதான் அண்ணி. ஆனா அதுங்க சந்தோஷமா இருந்துச்சுங்க" என்றாள். அந்த அமைதியான குரல் டீச்சரை இன்னும் எரித்தது.

தான் சொன்னது நியாயம்தான் என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. அச்சில் வெட்டிய ஆந்தையில் பிள்ளை எங்கே இருக்கிறது? யார் கேட்டாலும் மணிக்கணக்கில் விளக்குவாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தடுமாறும்போது அவள் நினைத்தது அந்த நியாயத்தை அல்ல. குட்டைப் பின்னல் கத்தினாளே, அந்தக் குரலைத்தான். அந்தப் பிள்ளையை ஒரு வருஷமாகத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தும் முடியவில்லை. இவள் ஒரே மதியத்தில் இழுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு டீச்சர் எண்ணக் கூடாததையெல்லாம் எண்ண ஆரம்பித்தாள். கதவைத் திறந்ததும் எத்தனை பேர் யார் பக்கம் ஓடுகிறார்கள். மூக்கு ஒழுகினால் யாரிடம் போகிறார்கள். ஆயாகூட டீ கொண்டுவரும்போது புது மிஸ்ஸுக்குத்தான் முதலில் நீட்டினாள். "உனக்கு எப்படித்தான் இந்த வசியம் வருதோ" என்று ஒரு நாள் சிரிப்பதுபோலச் சொன்னாள் டீச்சர். "வசியமா? அண்ணி, வீட்ல உங்க தம்பி என் பேச்சைக் கேட்கிறாரா பாருங்க" என்று அவளும் சிரித்தாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் நெருங்கியது. தலைமை ஆசிரியை நேராகத் தம்பி மனைவியிடமே வந்தார். "ஆந்தை மாதிரி, கொஞ்சம் பெருசா, ஹால் முழுக்கத் தொங்கவிடற மாதிரி பறவைங்க செய்ய முடியுமா?" அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே, "செய்யேன்" என்றாள்.

அட்டையில் உடலும் சிறகும் தம்பி மனைவி வெட்டிக் கொண்டுவந்தாள். மாவைக் காய்ச்சி ஒரு வாளி நிறையப் பசையும் கொண்டுவந்தாள். பிள்ளைகள் காலையில் உடலுக்கு நீலம் பூசினார்கள். மதியம் சிறகை ஒட்டுவதாக ஏற்பாடு. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு புது மிஸ் போனாள். குட்டைப் பின்னல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனது.

அறையில் டீச்சர் மட்டும். குழாயடி மேடையில் பசை வாளி. மூடியைத் திறந்து பார்த்தாள். கட்டியாக, பளபளவென்று இருந்தது. அவளே காய்ச்சியிருந்தாலும் இந்தப் பதம் வந்திருக்காது.

குழாயைத் திறந்தாள். சாயக் குவளையில் தண்ணீர் பிடித்து வாளியில் ஊற்றினாள். இன்னொரு குவளை. ஒரு ஸ்கேலை எடுத்து இடது கையால் கலக்கினாள். கலக்கிப் பழக்கமில்லாத கை. தண்ணீர் சிதறி மாவுக்கட்டின் ஓரத்தை நனைத்தது. ஒரு நிமிஷ வேலை. மூடியைப் போட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

மதியம் சிறகுகள் ஒட்டின. ஈரப் பசை பிடித்துக்கொள்ளும், காய்ந்தால்தான் தெரியும். பறவைகளை ஜன்னல் ஓரங்களிலும் மேசைகளிலும் காய வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் தம்பி மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க நனைஞ்சு ஊறிப்போயிருக்கு அண்ணி. குளிக்கும்போது கவர் சுத்தலையா? உள்ள புண்ணாயிடும்."

"பரவால்ல விடு."

விடவில்லை. முடி உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து, சூடு இல்லாமல் வெறும் காற்றை வைத்து, கட்டைத் திருப்பித் திருப்பி உலர்த்தினாள். டீச்சர் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இப்போது சொல்லிவிட்டால் நாளைக் காலையில் புதிய பசை காய்ச்சி ஒட்டிவிடலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

காலையில் அறையைத் திறந்தபோது எல்லாச் சிறகுகளும் தரையில் கிடந்தன. மேசை மேல் நீல நீலமாக வெறும் உடல்கள்.

பிள்ளைகள் முதலில் அதிர்ந்து நின்றார்கள். பிறகு ஒரே பாய்ச்சல். "இது என்னோடது!" "இல்ல, என்னோடது!" எல்லாச் சிறகும் ஒரே அளவு, ஒரே வடிவம். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? இழுபறியில் ஒன்று கிழிந்தது. குட்டைப் பின்னல் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தன் பறவையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டே இருந்தாள்.

கூச்சல் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். தரையைப் பார்த்தார். "நாளைக்குப் பெற்றோர் வராங்க. பழக்கமில்லாதவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார், பிள்ளைகள் எதிரிலேயே.

இந்த வார்த்தைக்குத்தான் டீச்சர் இத்தனை நாள் காத்திருந்தாள். காதில் விழுந்ததும் இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இனித்தது.

"என் தப்புதான் மேடம்" என்றாள் தம்பி மனைவி. "பசையைத் தண்ணியா காய்ச்சிட்டேன் போல."

அதோடு இனிப்பு போய்விட்டது.

டீச்சர் எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல்தான் எழுந்தாள். பதினேழு வருஷமாகப் பிள்ளைகளோடு இருந்த கால்கள் தாமாகவே நடந்தன. "சிறகை எல்லாம் கீழ போடுங்க. உங்க சிறகு எதுன்னு தெரியலையா? அப்போ பார்த்ததும் தெரியற மாதிரி பண்ணிடலாம். யார்கிட்ட மஞ்சள் இருக்கு?"

விரலை முக்கி அழுத்தினார்கள். நூலை முக்கி இழுத்தார்கள். ஒருவன் முழங்கையை முக்கினான். ஐந்து கால் யானை வரைந்தவன் சிறகில் ஒரு ஜன்னல் வைத்தான், பறவைக்குள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம். தம்பி மனைவி கோணி ஊசியும் கெட்டி நூலும் வரவழைத்து, ஒவ்வொரு சிறகையும் உடலோடு தைத்தாள். பிள்ளைகள் "இது என்னோடது மிஸ்" என்று நீட்ட நீட்ட அவள் கை ஓயவில்லை. மறுநாள் ஹாலில் அவை தொங்கியபோது பெற்றோர் கழுத்தை வளைத்துத் தங்கள் பிள்ளையின் பறவையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேரில் யார் ஒருத்தியும் தனியாகச் செய்திருக்க முடியாத வேலை அது.

"அனுபவம் அனுபவம்தான்" என்று டீச்சரின் தோளைத் தட்டினார் தலைமை ஆசிரியை.

திரும்பும் பஸ்ஸில் தம்பி மனைவி அதையேதான் பேசிக்கொண்டு வந்தாள். "நீங்க மட்டும் இல்லைன்னா என் மானம் போயிருக்கும் அண்ணி. அன்னைக்கு நீங்க சொன்னது இப்பதான் புரியுது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா, தொலைஞ்சா தேடக்கூட முடியாதுல்ல?"

"பசை நல்லாத்தான் காய்ச்சியிருந்த" என்றாள் டீச்சர்.

"எங்க? அவ்வளவும் உதிர்ந்துச்சே."

"நான் தண்ணி ஊத்தினேன்."

"எதுல?"

"வாளியில. நீ பிள்ளைங்களைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனப்போ."

தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். கண் மெல்ல இறங்கி மாவுக்கட்டின் ஓரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. அடுத்த நிறுத்தத்தில் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அது அவர்கள் இறங்கும் இடம் இல்லை.

இருட்டும் நேரத்தில் தம்பி கீழே வந்தான். "அக்கா, ஸ்கூல்ல ஏதாவது நடந்துச்சா? வந்ததிலிருந்து பேசவே மாட்டேங்கறா. கேட்டா தலைவலிங்கறா."

அப்படியானால் அவள் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லி ஒரே நாளில் அக்காவை அவன் கண்ணில் கீழே இறக்கியிருக்கலாம். அவள் இடத்தில் டீச்சர் இருந்தால் சொல்லியிருப்பாள். "தலைவலியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பொறுமையிலும் தம்பி மனைவிதான் ஜெயித்தாள் என்று நினைத்தபோது, இந்த நேரத்தில்கூடத் தனக்கு எரிகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் தம்பி மனைவி முன்னாலேயே வந்து நின்றாள்.

"நான் உங்களுக்காக வரல" என்றாள். அதற்கு முன்னால் அந்தக் குரலை டீச்சர் கேட்டதில்லை. "என்மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாம். அடிச்சிருக்கலாம். அந்தச் சின்னது மடியில வெச்சுக்கிட்டு அழுதுச்சே, அதை எப்படிப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க?"

டீச்சர் மாவுக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. மேடம்கிட்டயும் சொல்லுங்க."

சொன்னாள். பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, தானும் நாற்காலியை விட்டு இறங்கி உட்கார்ந்தாள்.

"உங்க சிறகு உதிர்ந்துச்சே, அதுக்குப் புது மிஸ் காரணம் இல்ல. பசையில நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"தெரியாம ஊத்திட்டீங்களா மிஸ்?" என்றான் யானைக்காரன், உதவி செய்வதுபோல.

"இல்லடா. தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"நீங்கல்லாம் புது மிஸ்கிட்டயே ஓடினீங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "எங்க பாப்பா பொறந்தப்போ நான் அதோட குல்லாவை ஜன்னல் வழியா வீசிட்டேன் மிஸ்." அதைக் கேட்டதும் மடை திறந்தது. ஒருத்தி அண்ணனின் ரப்பரைக் கடித்து வைத்திருந்தாள். இன்னொருவன், "இவனோட சிவப்புப் பென்சில் முனையை நான்தான் தினமும் உடைப்பேன்" என்றான். "நீதானாடா அது!" என்று பென்சிலுக்குச் சொந்தக்காரன் பாய்ந்தான். இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைக்கப் புது மிஸ் வர வேண்டியிருந்தது.

குட்டைப் பின்னல் மட்டும் எழுந்து டீச்சரின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் அழுதேன் மிஸ்."

"தெரியும்மா."

"ரொம்ப நேரம் அழுதேன்."

"தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

அந்தப் பிள்ளை யோசித்துப் பார்த்தது. சரி என்று சொல்லவில்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தலைமை ஆசிரியை முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். அனுப்பவில்லை. ஆனால் அந்தப் பருவம் முடிந்ததும் ஒன்றாம் வகுப்பைப் பிரித்துத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தார். டீச்சருக்குப் பெரிய வகுப்புகள். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் டீச்சரின் கை ஒரு நொடி நிற்கும். கட்டுப் பிரித்த கைக்குப் பழைய பலம் வந்துவிட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. ஒரு நொடி நின்று, பிறகு வேலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

தம்பி மனைவி முன்போல வாய் ஓயாமல் பேசுவதில்லை. பஸ்ஸில் தனி இருக்கை காலியாக இருந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்வாள். டீச்சரும் ஏன் என்று கேட்டதில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் டீச்சருக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் அவள் வந்து கதவருகே நின்றாள்.

"அண்ணி, ஒரு சந்தேகம். இன்னைக்கு வெட்டிக் குடுக்காம, உங்க இஷ்டத்துக்குச் செய்ங்கன்னு விட்டேன். எல்லாரும் செய்யறாங்க. ஒரு பையன் மட்டும் வெள்ளைத் தாளை வெச்சுக்கிட்டு சும்மாவே உக்காந்திருக்கான். நான் ஏதாச்சும் ஆரம்பிச்சுக் குடுக்கவா?"

"வேணாம். பக்கத்துல போய் உக்காரு. ஒண்ணும் கேக்காத."

"எவ்வளவு நேரம்?"

"அவனா ஏதாவது சொல்ற வரைக்கும். இன்னைக்கு சொல்லலைன்னாலும் பரவால்ல."

அவள் தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்களும் வாங்களேன். எனக்கு சும்மா உக்கார வராது."

டீச்சர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக, குட்டை நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, இரண்டு பேரும் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.